சிற்றுயிர் ஒன்று நோயுற்றபோது

சொந்த ஊரை விட்டு வெகு தொலைவில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. ஊரில் வீடு நிறையப் பெரியவர்களும் திண்ணை நிறைய அண்டை வீட்டாரும் இருந்தனர். டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ நமக்கு வாய்த்தவை இரண்டு அறைகளும் ஒரு பால்கனியுமே. குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது வாயிலில் வரவேற்பதற்கு ஒருவரும் இல்லை. அந்தக் குறையை நான்கு கால்களும் ஒரு வாலும் உடைய சிறு பிராணி ஒருவாறு தீர்த்து வைக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிற்றுயிர் வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே கொடிய நோயில் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? அறியாமையால் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த பிழைகளையும், பின்னர்க் கற்றுக்கொண்ட பாடங்களையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2023-ஆம் ஆண்டுத் தைப் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. டில்லி இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரில் முருகனை வழிபட்டுவிட்டுக் குடும்பத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள பால் சாவடியின் பின்புறத்தில், சாக்கடை ஓரமாக ஒரு முனகல் கேட்டது. சாவடியை அண்டி வாழும் தெருநாய் ஒன்று நவம்பர் இறுதியில் நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. அவற்றுள் ஒன்று தவறிச் சாக்கடையில் விழுந்து, நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து வயதான எங்கள் பெண் அதை எடுத்துத் தன் கம்பளிச் சால்வைக்குள் பொதிந்துகொண்டாள். "ஒரு நாள் மட்டும்" என்றாள். ஒரு நாள் மட்டும் என்று தொடங்கிய எதுவும் ஒரு நாளில் முடிந்ததில்லை என்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே.

குட்டிக்கு 'மணி' என்று பெயரிட்டாள். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு மணி உண்டல்லவா? பக்கத்து வீட்டுக் குழந்தைகளோ அதை ஆங்கிலச் சொல்லாக எண்ணி, "இந்த மதராசிகள் நாய்க்குப் பணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்" என்று சிரித்தார்கள். மூன்று நாட்கள் வீடே கலகலப்பாக இருந்தது. செருப்பைக் கடித்தான், செய்தித்தாளைக் கிழித்தான், இரவில் தாயை நினைத்து அழுதான். ஊரை விட்டு வந்த முதல் இரவில் நாம் அழவில்லையா என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

வியாழக்கிழமை மாலையில் அவன் எழுந்து வரவில்லை. கிண்ணத்தில் வைத்த பாலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குளிரின் காரணமாக இருக்கும் என்று எண்ணினோம். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பால் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். லங்கணம் பரம ஔஷதம் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வாக்கு. ஆகவே வெள்ளிக்கிழமை முழுவதும் அவனைப் பட்டினி போட்டு, ஓமம் கொதிக்க வைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். அந்த நீரும் உள்ளே தங்கவில்லை. அன்று இரவு கழிச்சல் கண்டது. விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தரையெல்லாம் இரத்தம் கலந்த நீர். அதன் துர்நாற்றம் வீடு முழுவதும் பரவியிருந்தது. குட்டியின் கண்கள் குழிந்துபோயிருந்தன. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிந்தபடியே நின்றது. உடலில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று பின்னர் அறிந்தோம்.

பழைய வேட்டியொன்றில் அவனைச் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டோ ரிக்‌ஷாவில் கால்நடை வைத்தியரிடம் விரைந்தோம். அவர் ஒரு வங்காளி அம்மையார். குட்டியைப் பார்த்ததும் எங்களை உள்ளே வரவிடாமல் வாசலிலேயே நிறுத்தினார். முதலில் எங்களுக்கு அது வருத்தமாக இருந்தது. உள்ளே வேறு குட்டிகள் இருந்தன. அவற்றைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்தார் என்பது பிறகு விளங்கிற்று. மலத்தைச் சிறிது எடுத்து ஒரு சோதனை அட்டையில் இட்டார். சில நிமிடங்களில் அதில் இரண்டு கோடுகள் தெளிவாகத் தோன்றின. "பார்வோ" என்றார். பின்னர் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?" என்பது. வியாழன் மாலையிலிருந்து என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியை ஒரு முறை நோக்கினார். அன்று சனிக்கிழமை.

பார்வோ என்பது யாது? இலத்தீன் மொழியில் 'சிறியது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்த வைரஸின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். அதாவது 40,000 கிருமிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் வரும். நாய்களைத் தாக்கும் இவ்வகைக் கிருமி 1978-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. பூனைகளுக்கு நோய் தரும் ஒரு வைரஸோடு நெருங்கிய உறவுடையது இது. அதுவரை நாய்கள் பெரும்பாலும் இதை எதிர்த்துப் பழகியிருக்கவில்லை. ஆகையால் இரண்டே ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் தாவிப் பரவிற்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் ஆகிய அறிஞர்கள் இதற்குத் தடுப்பு மருந்து காண்பதில் முன்னின்றனர். நம் நாட்டில் 1980-களின் தொடக்கத்திலேயே இந்நோய் பதிவாயிற்று. அதைக் குறித்து முதலில் எழுதியவர்களுள் சென்னைக் கால்நடை மருத்துவர்களும் உண்டு.

உடலில் எங்கெங்கே உயிரணுக்கள் விரைவாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் இக்கிருமி குடிபுகுகிறது. குடலின் உட்சுவர் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. எலும்பின் ஊன் நாள்தோறும் இரத்த அணுக்களை ஆக்குவது. இவ்விரண்டையுமே இது அழிக்கிறது. குடற்சுவர் சிதைவதால் உணவும் நீரும் உடலில் சேர்வதில்லை, இரத்தம் கசிகிறது. வெள்ளை அணுக்கள் குறைந்துபோவதால், குடலில் வாழும் சாதாரணக் கிருமிகள்கூட இரத்தத்துக்குள் புகுந்து தீங்கு செய்கின்றன. கோட்டை மதிலையும் இடித்து, காவற்படையையும் கலைத்துவிடும் பகைவனுக்கு இதை ஒப்பிடலாம். கிருமி உள்ளே சென்ற மூன்று முதல் ஏழு நாட்களில் நோய் வெளிப்படுவது வழக்கம். வெளிப்பட்ட பின்னர் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே குட்டி இறந்துபோவதுண்டு. நாங்கள் ஓம நீர் கொடுத்துக் கழித்த வெள்ளிக்கிழமையின் விலை எவ்வளவு என்பது இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

"பிழைக்குமா?" என்று எங்கள் பெண் கேட்டாள். டாக்டர் அம்மாள் மறைக்காமல் விடை சொன்னார். சிகிச்சை செய்யாமல் விட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்று தப்புவதே அரிது. தக்க சிகிச்சை உரிய காலத்தில் கிடைத்தால் எட்டோ ஒன்பதோ பிழைப்பதுண்டு. வைரஸை நேரே கொல்லும் மருந்தைத் தேடி மயங்க வேண்டாம். குட்டியின் உடல் தானே கிருமியை வெல்லும் வரை அதன் உயிரைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். நாளத்தின் வழியே உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், வாந்தியை நிறுத்த ஊசி, இரத்தத்தில் புகும் பிற கிருமிகளைத் தடுக்க மருந்து, உடற்சூடு குறையாமல் காப்பு, இவைதாம் அந்தத் தாங்குதல். செலவு என்னவாகும் என்றும் அவர் ஒளிக்காமல் கூறினார். அது எங்கள் மாத வருமானத்தில் பாதியளவு.

அன்று பிற்பகல் ஊரிலிருந்து குழந்தையின் பாட்டி கைபேசியில் அழைத்தார். குடந்தைக்கு அருகே ஒரு சிற்றூரில் இருப்பவர். செய்தியைக் கேட்டதும், "தெருவிலே கிடந்த குட்டிக்கா இத்தனை செலவு? பொங்கலுக்கு ஊருக்கு வரப் பணமில்லை என்றீர்களே!" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்களிடம் தக்க மறுமொழி இல்லை. ஒருபுறம் பெற்ற தாய். மறுபுறம் ஒரு வாரம்கூடப் பழகாத ஒரு குட்டி. ஆயினும், நாமாக எடுத்து வந்த உயிரை நாமே கைவிடுவது எவ்வாறு என்ற ஒரே எண்ணம் எங்களை நிறுத்திவைத்தது. எடுக்காமல் விட்டிருந்தால் அது ஊழின் செயல். எடுத்த பிறகு அது எங்கள் பொறுப்பு. சித்திரை விடுமுறையில் ஊருக்குப் போவதற்காகச் சேர்த்திருந்த தொகையில் கை வைத்தோம்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலை வரை நாளத்தில் மருந்து நீர் ஏற்றி, இரவில் வீட்டுக்கு எடுத்து வந்தோம். இரவுப் பணி எங்களுடையது. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அவன் பக்கத்தில் வைப்போம். அழுக்கான துணியை உடனுக்குடன் மாற்றுவோம். இரண்டு மணிக்கு ஒரு முறை ஈறுகளைப் பார்ப்போம். அவை வெளுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பது கட்டளை. திங்கட்கிழமை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகவும் கீழே இறங்கிவிட்டது. "இன்றிரவு கடந்தால் நம்பிக்கை உண்டு" என்று மட்டுமே டாக்டர் சொன்னார். டில்லியின் கடுங்குளிர், மின்சார அடுப்பின் சிவந்த ஒளி, அதன் முன்னே மூச்சு விடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கும் மூன்று பேர். அந்த இரவில் நாங்கள் உறங்கவில்லை.

இதற்கிடையில் வேறொரு துயரம் நேர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு நேர்மையாகாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் பெண் பால் சாவடிப் பக்கம் சென்றாள். மணியின் உடன்பிறந்த குட்டிகள் மூன்றில் ஒன்று இறந்து கிடந்தது. மற்றொன்று எழ முடியாமல் சுருண்டிருந்தது. தெருநாய்களுக்கு நாள்தோறும் உணவிடும் இளைஞர் ஒருவர் அதனை அரசினர் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் அதுவும் இறந்தது. அன்றிரவு எங்கள் பெண் அழுதுகொண்டே ஓர் உண்மையைச் சொன்னாள். வெள்ளிக்கிழமையன்று மணி குடிக்காமல் வைத்த பாலை, அதே கிண்ணத்தோடு கொண்டுபோய் அந்தக் குட்டிகளுக்கு ஊற்றியிருக்கிறாள். "நான்தான் கொன்றேனா?" என்று கேட்டாள்.

டாக்டர் அம்மாளிடம் அவளையே கேட்கச் சொன்னோம். அவர் குழந்தையின் அருகில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படக் குறைந்தது மூன்று நாட்களேனும் செல்லும். வெள்ளியன்று தொற்றியிருந்தால் ஞாயிறன்றே இறப்பு நேராது. நான்கு குட்டிகளும் ஒரே மண்ணில் விளையாடியவை. அந்த மண்ணிலேயே நோய் இருந்திருக்க வேண்டும். "ஆனால் நோயுற்றவனின் கிண்ணத்தை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. அதை மட்டும் நினைவில் வை" என்றார். குற்றமில்லை என்று தட்டிக்கொடுக்கவும் செய்தார். கற்க வேண்டியதையும் கற்பித்தார். பெரியவர்களாகிய நாங்கள் அந்தக் கிண்ணத்தைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். பிழை எங்களுடையது.

செவ்வாயன்று வாந்தி நின்றது. இனி ஊட்டத் தொடங்கலாம் என்றார் டாக்டர். முன்னாளில் இந்நோயில் பல நாட்கள் பட்டினி போடுவதே முறையாக இருந்தது. வாந்தி கட்டுப்பட்டதும் சிறிது சிறிதாக ஊட்டினால் குடல் விரைவில் தேறும் என்பது இன்றைய அறிவு. நன்றாக வேகவைத்துக் குழைத்த கோழி இறைச்சியும் சோறும் தேக்கரண்டியளவு கொடுக்கச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சமையலறை முட்டையைக்கூடக் கண்டதில்லை. தயக்கத்தைக் கண்டுகொண்டவர் மேல்மாடிப் பஞ்சாபி அம்மாள். "பேட்டி, நீ அழாதே, நான் இருக்கிறேன்" என்று குழந்தையிடம் சொன்னார். மறுநாள் காலை முதல் உப்பும் மசாலையும் இல்லாமல் வேகவைத்த இறைச்சியை, அதற்கென ஒதுக்கிய ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில், எங்கள் வாயிற்படி வரை கொண்டுவந்து தந்தார். எங்கள் வழக்கத்தை மதித்து ஒரு நாளும் படியைத் தாண்டி அந்த டப்பாவை உள்ளே கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் நாங்களே அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்தோம்.

புதன்கிழமை மணி விரல் நுனியில் வைத்ததை நக்கினான். மறுநாள் குடியரசு தினம். அணிவகுப்பைக் காண எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. வானில் விமானங்கள் முழங்கிய நேரத்தில் அவன் தள்ளாடி எழுந்து நின்று, தட்டில் இருந்ததைத் தானே தின்றான். எங்கள் பெண் உடனே பாட்டியை அழைத்துச் சொன்னாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "எவ்வளவு சாப்பிட்டான்?" என்று கேட்டார். அன்று முதல் நாள்தோறும் காலையில் ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி அதுவாகவே இருந்தது.

நேயர்களே, எங்கள் கதை இம்மட்டில் நிற்கட்டும். இதிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகள் சில உண்டு.

நோய் வருமுன் காப்பதே முதன்மையானது. தாய் நாயின் முதற்பாலில் இருந்து குட்டிக்கு ஒருவகைக் காப்பு கிடைக்கிறது. அது வாரங்கள் செல்லச் செல்லத் தேய்கிறது. தேயாமல் இருக்கும்போது அது தடுப்பூசியின் வேலையைத் தடுத்துவிடும். தேய்ந்த பின்போ நோயைத் தடுக்க வலிமையற்றுப்போகும். இந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகையால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக, 16 வாரம் நிறையும் வரையில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பின்னரும் வைத்தியர் குறிக்கும் காலத்தில் ஒன்று போட வேண்டும். ஓர் ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுவதே பலர் செய்யும் தவறு. குட்டியை விலைக்கு வாங்குவோர், 'ஊசியெல்லாம் போட்டாயிற்று' என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நாளும் மருந்தின் பெயரும் வைத்தியர் கையொப்பமும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று ஊர்ப் பெருமைக்காக நம் நாட்டு இனக் குட்டிகளை இரயிலில் வரவழைப்போரும் உண்டு. நெடும்பயணத்தால் சோர்ந்த குட்டியை நோய் எளிதில் பற்றும் என்பதை மறவாதீர்கள்.

ஊசிகள் முடியும் வரை குட்டியைப் பூங்காவிலும் தெருவிலும் தரையில் விடலாகாது. வேடிக்கை காட்ட விரும்பினால் கையில் ஏந்திச் செல்லுங்கள். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இக்கிருமி மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரையிலும், அழியாமல் இருக்கும். மாற்றல் உத்தரவின் பேரில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும். புதிய வீட்டில் முன்பு குடியிருந்தோரின் நாய் இந்நோயால் இறந்ததா என்று அண்டை வீட்டாரை விசாரியுங்கள். ஆம் என்றால், தடுப்பூசி முழுவதும் போட்ட பிறகே குட்டியை அங்கே கொண்டுவருவது அறிவுடைமை.

தூய்மை செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் நம்பியிருக்கும் பினாயிலும், கைக்குத் தடவிக்கொள்ளும் சாராயக் கரைசலும் இதற்குப் போதா. முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் முற்றும் கழுவ வேண்டும். பின்னர், கடைகளில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் வெளுப்புத் திரவத்தை, ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் சேர்த்துத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இதனோடு அமிலத்தையோ பினாயிலையோ கலக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். செருப்பு, கிண்ணம், படுக்கைத் துணி ஆகியவற்றின் வழியாகவும் நோய் செல்லும். குணமடைந்த குட்டியும் சில வாரங்கள் வரை கிருமியை வெளியிடக்கூடும். அதுவரை மற்ற நாய்களோடு பழக விடாதீர்கள். நாய்களைத் தாக்கும் இந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது. குழந்தைகள் இருக்கும் வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் தெருவிலிருந்து வந்த குட்டியின் பல்லோ நகமோ பட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வேறு; அது மனிதரைக் கொல்வது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காணுங்கள். குட்டிக்கு அதற்குரிய தடுப்பூசியை மூன்று மாத வயதில் தனியே போட வேண்டும்.

வாந்தி, கழிச்சல், உணவில் வெறுப்பு, சோம்பிக் கிடத்தல் ஆகிய இவற்றில் இரண்டு சேர்ந்து காணப்பட்டாலே பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரத்தக் கழிச்சல் எல்லாமே பார்வோ ஆகிவிடாது. குடற்புழுவும் நஞ்சும் விழுங்கிய பொருளும்கூடக் காரணமாகலாம். அதைக் கண்டு சொல்பவர் வைத்தியரே. நாம் உட்கொள்ளும் வலி மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். பணமில்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். அரசினர் கால்நடை மருத்துவமனைகள் நாடெங்கும் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்நோய் கண்ட 40 நாய்கள் இடம்பெற்றன. மருத்துவமனையில் தங்கி முழுச் சிகிச்சை பெற்ற 20-இல் 18 பிழைத்தன. தோலடியில் நீர் ஏற்றி, ஊசி மருந்துகளும் கொடுத்து, எளிய செலவில் பார்த்துக்கொள்ளப்பட்ட 20-இல் 16 பிழைத்தன. முழுவதும் செய்ய இயலாவிடினும், டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, இயன்ற வழியைக் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இயன்றதைச் செய்வதற்கும் உள்ள தூரம் பெரிது.

எல்லாம் செய்தும் குட்டி இறந்துபோவதும் உண்டு. அப்போது குழந்தைகளிடம் 'ஊருக்குப் போயிருக்கிறது' என்று பொய் சொல்லாதீர்கள். அவர்களுடைய அழுகையைப் பரிகசிக்கவும் வேண்டாம். ஒரு வாரப் பழக்கந்தானே என்று எண்ணுவது நம் கணக்கு. அன்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அதன் பெயரையும் கல்லில் பொறித்துவைத்தார்கள். நமக்காக நின்ற ஒரு நாயின் பெயரை நம் முன்னோர் மறக்கவில்லை. அதற்காக நாம் நின்ற நாட்களும் சில இருக்கட்டுமே.

மணிக்கு இப்போது இரண்டு வயது கடந்துவிட்டது. அவன் உடன்பிறந்தவற்றுள் எஞ்சிய ஒன்று, தக்க ஊசிகள் போடப்பெற்று, பால் சாவடியில் காவல் காத்து வருகிறது. எங்கள் பெண் நாள்தோறும் அதற்கு உணவு கொண்டுபோகிறாள், தனிக் கிண்ணத்தில்தான். அந்த ஆண்டுச் சித்திரையில் நாங்கள் ஊருக்குப் போக இயலவில்லை. பாட்டியே புறப்பட்டு டில்லிக்கு வந்தார். இரயிலை விட்டு இறங்கியதும், பேரப் பெண்ணை அணைத்துக்கொண்டபின் அவர் கேட்டது, "எங்கேடி அந்த மணி?" என்பதே.